முனைவரும் இஜாஸாவும்

எம்.ரெட்டியபட்டிக் கரிசல் பக்கத்து வீடுகளில், முனைவர் பட்டம் பெற்ற பிள்ளையைப் போற்றுவோர், ‘ஆலிமுக்குப் பட்டம் ஏது?’ என வினவுவதுண்டு. சொல் வரலாறு அறிந்தோர் அவ்வாறு வினவார்.

தொல்காப்பிய மரபியலில் ‘முனைவன்’ என்பது முதனூல் கண்ட அறிவனைக் குறித்தது. பல்கலைக்கழகப் பட்டத்துக்கு அச்சொல் பிற்காலத்தில் வந்தமைந்தது. இலங்கையில் அதே பட்டம் ‘கலாநிதி’. 1979இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியப் பேராசிரியராக அமர்ந்த ம.மு. உவைஸ் அவர்கள் அங்கே கலாநிதி, இங்கே டாக்டர்!

‘டாக்டர்’ என்னும் இலத்தீன் சொல்லுக்கோ கற்பிப்பவர் என்பதே மூலப்பொருள். அரபியில் ‘இஜாஸா’ என்றால் அனுமதி. இன்ன கிதாபை ஓதிக்கொடுக்கலாம் என்று உஸ்தாதே தம் ஸனதுத் தொடருடன் மாணவருக்கு அதனை வழங்குவார். மத்ரஸாக் கட்டடம் அன்று. ஐரோப்பிய டாக்டர் பட்டத்தின் வேர் இந்த இஜாஸாவே என்று ஜார்ஜ் மக்திஸி 1989இல் வாதிட்டார். மறுத்தோரும் உளர், எனக்கு அவர் வாதம் பொருத்தமாகவே படுகிறது.