நிலத்தடிக் குழாய்களையும் கேபிள்களையும் கண்டறிதல்

பூமிக்குள் புதைந்து கிடக்கும் குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், மின்சாரக் கேபிள், தொலைபேசிக் கம்பி, எரிவாயுக் குழாய் முதலியன எவ்வழியே, எத்தனை ஆழத்தில் செல்கின்றன என்பதை மண்வெட்டி தொடுவதற்கு முன்பே நிச்சயித்து, அவற்றுக்கும் தோண்டுகிறவர்களுக்கும் அபாயம் நேராதபடி காரியம் செய்யும் முறை இது. பெருநகரங்களுக்கே உரிய விஷயம் என்று இதனைக் கருதுவாரும் உளர். ஆனால் பழனிக்குத் தெற்கே மலையடிவாரத்தில், பாலாறு–பொருந்தலாறு அணைக்கு அருகில் அமைந்த பாலசமுத்திரம் போன்ற பேரூர்களிலும், தெருவின் அடியில் குடிநீர்க் குழாயும் தொலைபேசிக் கேபிளும், தோட்டங்களின் அடியில் கிணற்றிலிருந்து வயலுக்குச் செல்லும் பி.வி.சி. குழாயும் மோட்டார் வயரும் ஓடுகின்ற இக்காலத்தில், ஜேசிபி இயந்திரத்தின் வாளி அறியாமல் ஒருமுறை இறங்கினால் ஒரு தெரு முழுவதும் தண்ணீரின்றித் தவிக்க நேரும்.

இத்தகைய ஊர்களில் நிலத்தடி வரைபடம் என்பது நெடுங்காலமாகத் தண்ணீர் திறந்துவிடுபவரின் ஞாபகமாகவே இருந்து வந்துள்ளது. கோயில் மூலையிலிருந்து எத்தனை எட்டு வைத்தால் வால்வு, பழைய இரும்புக் குழாய் எந்தப் பக்கம், பின்னால் போட்ட குழாய் எந்தப் பக்கம், எவ்விடத்தில் ஒன்றின்மேல் ஒன்று ஏறுகிறது என்பவற்றையெல்லாம் அவர் நின்ற இடத்திலேயே சொல்லிவிடுவார். அவர் ஓய்வு பெற்றுவிட்டால் அந்த அறிவும் ஊரை விட்டுப் போய்விடுகிறது.

இந்தியாவில் செய்தித் தொடர்புக் கம்பியைப் பூமிக்குள் புதைத்த முயற்சி தந்தியின் தொடக்க காலத்தது. 1850-51-இல் கல்கத்தாவிலிருந்து டயமண்ட் ஹார்பர் நோக்கித் தந்தித் தடம் அமைத்த வில்லியம் ஓஷாக்னசி, அதன் ஒரு பகுதியில் இரும்புக் கம்பியின்மேல் தார் கலந்த கீல் தோய்த்த சென்னைத் துணியைச் சுற்றி, கூரை ஓடுகளின் வரிசைக்குள் கிடத்தி, மணலும் குங்கிலியமும் உருக்கிய கலவையை ஊற்றி மூடினார். சென்னையில் 1895-இல் ஓடத் தொடங்கிய மின்சார டிராம் வண்டிக்கும் மின்சாரம் முதலில் தரைக்கடியில் அமைந்த கால்வாய் வழியாகவே வந்தது. மழைக்காலத்து வெள்ளம் அதற்குள் புகுந்ததனால் பிற்பாடு மேலே கம்பி கட்டவேண்டியதாயிற்று. புதைக்கும் கலை இவ்வாறு முன்னேறிய காலத்தில், புதைத்ததைத் தேடும் கலை அதனோடு சேர்ந்து வளரவில்லை.

அது பிறந்தது ஓர் உயிரைக் காக்கும் முயற்சியில். 1881-இல் துப்பாக்கிக் குண்டு பாய்ந்து கிடந்த அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டின் உடலில் குண்டு தங்கிய இடத்தைக் காண அலெக்சாண்டர் கிரகாம் பெல் மின்தூண்டல் சாதனம் ஒன்றை உபயோகித்தார். அம்முயற்சி பலிக்கவில்லையாயினும் தத்துவம் நிலைத்தது. கெர்ஹார்டு ஃபிஷர் 1937-இல் உலோகங்காட்டிக்குக் காப்புரிமை பெற்றார். இரண்டாம் உலகப் போரில் போலந்து நாட்டு அதிகாரி யூசெஃப் கோசாட்ஸ்கி அமைத்த கண்ணிவெடிகாட்டி 1942-இல் எல் அலமைன் போர்க்களத்தில் பயன்பட்டது.

இன்று குழாய் தேடுவோர் கையாளும் மின்காந்தக் கருவி இவ்வழியில் வந்ததே. அதன் ஒரு பகுதி, தெரிந்த அதிர்வெண் கொண்ட சிறு மின்னோட்டத்தைக் குழாயிலோ கேபிளிலோ செலுத்தும். மற்றொரு பகுதியைக் கையில் பிடித்துத் தரையோடு ஒட்டி நடந்தால், அம்மின்னோட்டத்தைச் சூழ்ந்த காந்தப் புலம் எங்கே உச்சமடைகிறதோ அங்கே ஒலி ஓங்கும். மின்சாரம் ஓடும் கேபிள், நம் நாட்டின் 50 ஹெர்ட்ஸ் அதிர்வினாலேயே தன்னைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் மின்னோட்டமற்ற கேபிள் அவ்வாறு காட்டாது. பிளாஸ்டிக் குழாயும், உலோக உறையில்லாத கண்ணாடி இழைக் கேபிளும் இக்கருவிக்கு இல்லாத பொருள்களே. 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் குடிநீர்த் திட்டத்தில் சிற்றூர்தோறும் பிளாஸ்டிக் குழாய்களே பெரிதும் புதைக்கப்படுவதால், இக்குறை அற்பமானதன்று. குழாயோடு கூடவே ஒரு செம்புக் கம்பியைக் கிடத்திவிட்டால் குறை தீரும். அதற்கு ஆகும் செலவோ குழாயின் விலைக்கு முன் மிகச் சிறிது.

மற்றொரு சாதனம் தரை ஊடுருவு ரேடார். மின்காந்த அலையால் புதைபொருளைக் காண்பதற்கு லைம்பாக், லோவி என்ற இரு விஞ்ஞானிகள் 1910-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தனர். 1929-இல் ஆஸ்திரிய நாட்டுப் பனியாற்றின் ஆழம் இம்முறையில் அளக்கப்பட்டது. குழாயின் குறுக்கே கருவியைத் தள்ளிச் செல்கையில் திரையில் கவிழ்ந்த வில் போன்ற வளைவு தோன்றும். வில்லின் உச்சியே குழாய் இருக்குமிடம். இரும்பு, பிளாஸ்டிக் என்ற பேதம் இதற்குப் பெரிதன்று. மண்ணின் பேதமே பெரிது. திண்டுக்கல் சமவெளியின் உலர்ந்த செம்மண்ணில் அலை நன்கு இறங்கும். ஆற்றுப் பாசனத்தில் நனைந்த களிமண் வயலிலோ சிறிது தூரத்திலேயே அடங்கிவிடும்.

கவைக்குச்சியையும் தேங்காயையும் கையில் ஏந்தி நீரோட்டம் பார்க்கும் வழக்கம் நம் கிராமங்களில் இன்றும் உண்டு. பிரிட்டனில் குடிநீர் நிறுவனங்களின் தொழிலாளர் சிலரும் குழாய் தேடக் கம்பிகளை இவ்வாறு ஏந்துவதாக 2017-இல் வெளிவந்தது. முறைப்படி நடந்த பரிசோதனைகளில் இவ்வழக்கம் தேறவில்லை. உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் இதனை நம்பலாகாது என்பதே என் துணிபு.

கருவி எதைச் சொன்னாலும் முடிவாகக் கண்ணால் காண்பதற்குச் சோதனைக் குழியைக் கையால்தான் பறிக்கவேண்டும். கேபிள் இருப்பதாக ஐயுறும் இடத்திலிருந்து அரை மீட்டருக்குள் இயந்திரத்தை விடக் கூடாது என்பது பிரிட்டிஷ் பாதுகாப்பு வழிகாட்டி நெறி. இந்தியத் தரவிதி 1255-இன்படி 11 கிலோவோல்ட் வரையிலான உயரழுத்தக் கேபிள் 90 சென்டிமீட்டர் ஆழத்தில், மணல் படுகையில், மேலே செங்கல்லோ ஓடோ பரப்பிப் புதைக்கப்படவேண்டும். ஆகவே தோண்டும்போது செம்மண் மாறி வெறும் மணல் வந்தாலும், செங்கல் வரிசையாகத் தென்பட்டாலும், கடப்பாரையை அந்த இடத்திலேயே நிறுத்திவிடவேண்டும். சாலையை மேலும் மேலும் உயர்த்தியோ கரையை வெட்டியோ மேல்மண் மாறிய இடங்களில் இந்த ஆழக் கணக்கும் பொய்த்துப்போகும்.

சட்டங்கள் பெரும்பாலும் விபத்துகளைத் தொடர்ந்தே வந்தன. 1976-இல் லாஸ் ஏஞ்சலஸ் அருகே சாலை வேலையில் பெட்ரோலியக் குழாய் அறுபட்டு ஒன்பதின்மர் மாண்டனர். 2004-இல் பெல்ஜியத்தின் கிலாங்கியான் என்ற ஊரில் முன்னரே காயம்பட்டிருந்த எரிவாயுக் குழாய் வெடித்து 24 பேர் மாண்டனர். தோண்டுமுன் அழைப்பதற்கென்று 811 என்ற எண்ணை அமெரிக்கா 2007 முதல் நாடெங்கும் நடைமுறைப்படுத்தியது. இந்தியாவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 10 லட்சம் முறை கண்ணாடி இழைக் கேபிள்கள் அறுபடுவதாகவும், அதனால் ரூ.3,000 கோடி நஷ்டமென்றும் சர்க்கார் கணக்கிட்டது. 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின்கீழ் இயற்றிய பாதுகாப்பு விதிகள் 2023 ஜனவரியில் வெளியாயின; அவ்வாண்டு மார்ச் 22-இல் 'கால் பிஃபோர் யூ டிக்' செயலி தொடங்கப்பட்டது. தோண்டப்போகும் இடத்தை அதில் குறித்தால் அங்கே தடம் வைத்திருக்கும் நிறுவனங்களுக்குத் தகவல் செல்லும்.

எனினும், நிறுவனங்களிடம் பதிவு இருந்தாலன்றோ செயலி பதில் சொல்லும்? பேரூராட்சியின் பொறுப்பிலுள்ளோரும் தோட்டக்காரரும், புதுக் குழாய் போட்ட பள்ளத்தை மூடுமுன், கோயில் மதில், பாலம், கிணற்றுக் கட்டு போன்ற நிலையான அடையாளங்களில் இரண்டிலிருந்து அளவெடுத்து, ஆழத்தையும் தேதியையும் சேர்த்து எழுதி, ஒரு புகைப்படமும் எடுத்து அலுவலகக் கோப்பில் வைக்கவேண்டும். தண்ணீர் திறந்துவிடும் பெரியவர்கள் பணியில் இருக்கும்போதே அவர்களுடன் தெருத்தெருவாக நடந்து பழைய குழாய்களின் வழியையும் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.