துருவக் கடற்பனியை வானிலிருந்து அளந்த வரலாறு

ஆர்க்டிக் பெருங்கடலின் பனி குறித்து இன்று வெளியாகும் வரைபடங்களில் பெரும்பாலானவை 1979ஆம் ஆண்டில் தொடங்குகின்றன. அந்த ஆண்டில் பனிக்குப் புதிதாக எதுவும் நேர்ந்துவிடவில்லை. 1978 அக்டோபர் 24 அன்று அமெரிக்கா ஏவிய நிம்பஸ்-7 செயற்கைக்கோள் முழுமையாக இயங்கிய முதல் ஆண்டு அது என்பதே காரணம். ஆகவே துருவக் கடற்பனியின் அளவேட்டைச் சரியாகப் படிக்க விரும்புவோர், அதை எழுதிய கருவிகளின் வரலாற்றையும் சேர்த்தே படிக்க வேண்டியவர்களாகின்றனர்.

கடற்பனி என்பது ஏறத்தாழ −1.8 பாகை செல்சியசில் கடல்நீரே உறைந்து உருவாகும் பனியாகும். நிலத்துப் பனியாறுகளிலிருந்து உடைந்து மிதக்கும் பனிமலைகள் வேறு, இது வேறு. வெண்மையான இப்பரப்பு தன்மீது விழும் வெயிலில் பாதிக்கும் மேற்பட்டதைத் திருப்பி அனுப்ப, அது உருகியபின் வெளிப்படும் கருங்கடல் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேலாக உட்கொள்கிறது. எனவே பனி குறைவது மேலும் வெப்பத்தைச் சேர்த்து, மேலும் பனி குறைவதற்கு வழிவகுக்கிறது. இத்தகைய முதன்மை வாய்ந்த ஒன்றைப் பற்றி இருபதாம் நூற்றாண்டின் முற்பாதி வரை கிடைத்த செய்திகள் துண்டு துண்டானவை. டென்மார்க் வானிலை நிறுவனம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முதல் கப்பல்களும் கரையோர நிலையங்களும் அனுப்பிய குறிப்புகளைத் திரட்டிக் கோடைக்காலப் பனி வரைபடங்களை வெளியிட்டது. சோவியத் நாடு 1930களிலிருந்து வடகடல் வழியின் பொருட்டு விமானங்களை அனுப்பிப் பனியைக் கண்காணித்தது. கப்பல் சென்ற இடமும் விமானம் பறந்த பாதையும் மட்டுமே அவற்றில் பதிவாயின. குளிர்காலப் பனிப்பரப்பு முழுவதையும் ஒரே வேளையில் கண்டவர் எவரும் இலர்.

1960 ஏப்ரலில் ஏவப்பட்ட டைரோஸ்-1 முதலிய வானிலைச் செயற்கைக்கோள்கள் மேலிருந்து பார்க்கும் வசதியைத் தந்தபோதும், அவற்றின் ஒளிப்படக் கருவிகளுக்கு இரண்டு தடைகள் இருந்தன: துருவக் கடல்களை ஆண்டின் பெரும்பகுதி மூடியிருக்கும் மேகம் ஒன்று, மாதக்கணக்கில் நீளும் துருவ இரவு மற்றொன்று. இவ்விரு தடைகளையும் ஒருங்கே கடந்தது நுண்ணலை முறை. எல்லாப் பொருள்களும் தத்தம் வெப்பநிலைக்கேற்ப நுண்ணலைக் கதிர்களை வெளியிடுகின்றன. ஆனால் வெளியிடும் திறன் பொருளுக்குப் பொருள் வேறுபடும். உரிய அலைவரிசைகளில் திறந்த கடல்நீர் தன் வெப்பநிலைக்குரிய கதிர்வீச்சில் ஏறத்தாழப் பாதியையே வெளியிட, ஓராண்டுக்குள் உறைந்த புதுப்பனி பத்தில் ஒன்பது பங்கை வெளியிடுகிறது. இதனால், உண்மையில் நீரைவிடக் குளிர்ந்திருக்கும் பனி, நுண்ணலைக் கருவிக்கு நீரைவிட மிக வெப்பமானதாகத் தோன்றுகிறது. இக்கதிர்கள் பெரும்பாலான மேகங்களை ஊடுருவி வருவதாலும், அவற்றுக்குச் சூரிய ஒளி தேவையில்லாததாலும், நள்ளிரவிலும் பனியின் எல்லையை வரையறுக்க முடிந்தது.

1972 டிசம்பரில் ஏவப்பட்ட நிம்பஸ்-5, 19.35 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கிய நுண்ணலைக் கதிர்வீச்சுமானி ஒன்றைச் சுமந்து சென்றது. ஒரே அலைவரிசை என்பதால் அதன் அளவீடுகளில் ஐயங்கள் மிகுதி. எனினும் அது கண்டறிந்த ஒரு செய்தி முறையின் பயனை ஐயத்துக்கு இடமின்றி நிறுவியது. அண்டார்க்டிக்காவை ஒட்டிய வெடெல் கடலில், 1974 முதல் 1976 வரை மூன்று குளிர்காலங்களிலும் பனிப்பரப்பின் நடுவே இரண்டரை இலட்சம் சதுர கிலோமீட்டர் அளவிலான திறந்த நீர்ப்பரப்பு நிலைத்திருந்தது. பொலின்யா எனப்படும் இத்தகைய திறப்பு அந்த அளவில் அங்கு இருப்பதை, குளிர்காலத்தில் எந்தக் கப்பலும் நெருங்க இயலாத அக்கடலில் வேறு வழியில் அறிந்திருக்க முடியாது.

நிம்பஸ்-7இன் கருவி ஐந்து அலைவரிசைகளில், கிடைத்தளம், செங்குத்து ஆகிய இரு முனைவாக்கங்களிலும் அளந்தது. மின்னாற்றல் போதாமையால் ஒருநாள் விட்டு ஒருநாளே இயக்கப்பட்டது. அந்த அளவீடுகளைப் பனியின் அளவாக மாற்றும் கணக்கீட்டு முறைகளை நாசாவின் கோடார்டு மையத்தில் டொனால்டு கவலியேரி, பெர் குளோர்சன், ஜோசஃபினோ கோமிசோ, கிளேர் பார்க்கின்சன், ஜே ஸ்வாலி முதலியோர் உருவாக்கினர். கடற்பரப்பு 25 கிலோமீட்டர் பக்கமுள்ள கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றிலும் பனி எத்தனை விழுக்காடு என்பது மதிப்பிடப்படுகிறது. 15 விழுக்காட்டுக்குக் குறையாத கட்டங்களின் மொத்தப் பரப்பே பனிப்பரவல் எனப்படும். கோடையில் பனியின்மேல் தேங்கும் உருகுநீரைக் கருவி திறந்த கடலாகக் கொண்டுவிடுவதால், பனியின் நிகரப் பரப்பைவிட இந்தப் பரவல் கணக்கே நீண்டகால ஒப்பீட்டுக்கு ஏற்றதாகக் கருதப்படுகிறது.

ஒரு செயற்கைக்கோளின் ஆயுள் சில ஆண்டுகளே; தட்பவெப்ப மாற்றத்தை உணரப் பல பத்தாண்டுகள் வேண்டும். அடுத்தடுத்த கருவிகளின் அளவீடுகளை ஒன்றோடொன்று பொருத்தி இந்த இடைவெளியை நிரப்பும் வேலையே இவ்வரலாற்றின் மிகக் கடினமான பகுதி என்பதும், அதற்குரிய மதிப்பு அதற்குக் கிடைக்கவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கவை. 1987இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் வானிலைச் செயற்கைக்கோள் வரிசையில் ஒன்று புதிய கதிர்வீச்சுமானியுடன் பணியேற்றபோது, பழைய கருவியும் புதியதும் ஒருசேர இயங்கிய காலம் அந்த ஆண்டின் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ஏறத்தாழ ஆறு வாரங்களே. ஆண்டின் எல்லாப் பருவங்களுக்கும் உரிய ஒப்பீட்டை அந்த ஆறு வாரங்களைக் கொண்டே செய்ய வேண்டியிருந்தது. 1991 டிசம்பரில் நேர்ந்த மற்றொரு கருவி மாற்றத்தைக் கையாண்ட முறையில் ஏற்பட்ட சிறு வேறுபாடு, அண்டார்க்டிக்கப் பனி வளர்கிறது என்ற கணிப்பின் அளவையே பாதித்திருப்பதை 2014இல் ஐசன்மன் என்னும் ஆய்வாளரின் குழுவினர் எடுத்துக்காட்டினர். 2009 பிப்ரவரியில் ஒரு கருவி பழுதடைந்து, ஆர்க்டிக் பனியை ஏறத்தாழ 5 இலட்சம் சதுர கிலோமீட்டர் குறைத்துக் காட்டியபோது, கொலராடோவின் போல்டர் நகரிலுள்ள தேசியப் பனி மற்றும் உறைபனித் தரவு மையம் அதை வெளிப்படையாக அறிவித்து வேறு செயற்கைக்கோளுக்கு மாறியது. பிழையை மறைக்காத இவ்வழக்கமே இந்தப் பதிவேட்டின் நம்பகத்தன்மைக்கு அடிப்படை.

இவ்வாறு பேணப்பட்ட பதிவின்படி, கோடை முடிவில் எட்டும் ஆர்க்டிக் சிறும அளவு 1981 முதல் 2010 வரை சராசரியாக 62 இலட்சம் சதுர கிலோமீட்டராக இருக்க, 2012 செப்டம்பரில் அது 34 இலட்சமாகச் சுருங்கியது. தெற்கின் கதை வேறு. அங்கு 2014 செப்டம்பரில் பரவல் 2 கோடி சதுர கிலோமீட்டரைக் கடந்து உச்சம் தொட்டது. 2016 முதல் திடீரெனச் சரிந்து, 2023இன் குளிர்கால உச்சம் 1 கோடியே 70 இலட்சத்தைக்கூட எட்டவில்லை. 1964இல் ஒரு மாதம்கூட நிலைக்காமல் ஓய்ந்த நிம்பஸ்-1, 1966இன் நிம்பஸ்-2 ஆகியவற்றின் படச்சுருள்களைப் பல பத்தாண்டுகளுக்குப் பின் போல்டர் மையத்தார் தேடியெடுத்து எண்மியமாக்கியபோது, அண்டார்க்டிக்கப் பரவல் 1964 செப்டம்பரில் 1 கோடியே 97 இலட்சமாகவும் 1966 ஆகஸ்டில் 1 கோடியே 59 இலட்சமாகவும் இருந்தமை தெரியவந்தது. தென்துருவப் பனி குறுகிய காலத்தில் பெரிதும் ஏறி இறங்கும் இயல்புடையது என்பதற்கு, 1979க்கு முந்திய இச்சான்று தனி மதிப்புடையது.

பரப்பைச் சொல்லும் கதிர்வீச்சுமானி தடிமனைச் சொல்வதில்லை. பனியின் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே நீருக்கு மேல் தெரிவதால், அந்தச் சிறு உயரத்தை ரேடார் அல்லது லேசர் கதிரால் அளந்து முழுத் தடிமனைக் கணிக்க வேண்டும். மேலே படிந்த வெண்பனியின் கனம் தெரியாவிட்டால் கணிப்பில் பிழை பெருகும். ஐரோப்பாவின் கிரையோசாட் 2005இல் ஏவுதலின்போதே அழிய, அதன் மாற்று 2010 ஏப்ரலில் ஏவப்பட்டு இப்பணியை மேற்கொண்டது. 2013 பிப்ரவரியில் சிறீஅரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட இந்திய-பிரெஞ்சு செயற்கைக்கோள் சரலின் உயரமானியும், வெண்பனிக்குள் மிகுதியாக ஊடுருவாத அலைவரிசையில் இயங்கியதால், இந்த ஆய்வில் பயன்பட்டது.

1987 முதல் இப்பதிவேட்டுக்கு அளவீடுகளைத் தந்த அமெரிக்கப் பாதுகாப்புத் துறைச் செயற்கைக்கோள் வரிசை முடிவை நெருங்கிய நிலையில், அதன் தரவு வழங்கலை நிறுத்தப்போவதாக 2025இன் நடுவில் வந்த அறிவிப்பு ஆய்வாளர்களை அதிரச் செய்தது. அம்முடிவு பின்னர்த் தள்ளிவைக்கப்பட்டது. 2012 முதல் இயங்கிவரும் ஜப்பானின் கதிர்வீச்சுமானியின் பக்கம் பதிவேடு இப்போது நகர்கிறது. அதன் அடுத்த தலைமுறைக் கருவி 2025 ஜூன் மாத இறுதியில் தனேகஷிமா தீவிலிருந்து ஏவப்பட்டுள்ளது. பழையதும் புதியதும் ஒரே பனியை ஒரே நாளில் அளக்கும் காலம் இம்முறை ஆறு வாரங்களைக் காட்டிலும் நீண்டதாக அமைந்தால், 1987இல் கிடைக்காத முழுப் பருவச் சுற்றின் ஒப்பீடு இப்போது கைகூடும்.