தூண்டில் ஈ கட்டுதல்

ஆற்றுமீன் தின்னும் பூச்சியைப் போலத் தோன்றும்படி தூண்டில் முள்ளின்மேல் இறகு, உரோமம், பட்டுநூல் முதலியவற்றைச் சுற்றிக் கட்டிய போலி இரை, தூண்டில் ஈ எனப்படும். குளிர்ந்த ஆறுகளில் வாழும் டிரவுட், கிரேலிங் ஆகிய மீன்களைப் பிடிப்பதற்காகவே இக்கலை பெரிதும் வளர்ந்தது. இவை உண்ணும் மே ஈ, கேடிஸ் ஈ போன்றவற்றின் இளம்பருவம் நீருக்கடியில் கழிகிறது. முதிர்ந்தபின் அவை மேலே வந்து சிறகு விரித்துப் பறக்கின்றன. நீருக்குள் இருக்கும் உருவத்தைக் கட்டுவதா, மேலே மிதக்கும் உருவத்தையா, அதையும் எவ்வளவு நெருக்கமாக ஒத்துக் கட்டுவது என்ற கேள்விகளுக்குக் காலந்தோறும் கிடைத்த விடைகளே இக்கலையின் வரலாறு.

பழைய சான்றுகள்

கி.பி. 200ஐ ஒட்டி ரோமானியரான ஏலியன் விலங்குகளைப் பற்றிக் கிரேக்க மொழியில் எழுதிய நூலில், மாசிடோனியாவின் அஸ்ட்ரேயஸ் ஆற்றில் நடந்த மீன்பிடிப்பை விவரிக்கிறார். அங்குள்ள புள்ளி மீன்கள் நீர்ப்பரப்பில் இறங்கும் ஒருவகைப் பூச்சியை விரும்பித் தின்றன. ஆனால் கைபட்டதும் அப்பூச்சியின் நிறம் மங்கும், சிறகு வாடும். அதை முள்ளில் கோத்துப் பயனில்லை. அதனால் மீனவர்கள் முள்ளின்மேல் சிவப்புக் கம்பளிநூலைச் சுற்றி, சேவலின் தாடிக்குக் கீழே முளைக்கும் மெழுகுநிற இறகுகள் இரண்டைச் சேர்த்துக் கட்டினர். கோலும் ஆறடி, கயிறும் ஆறடி.

இடைக்கால இறுதியில் ஐரோப்பாவின் பல பகுதிகளில் ஈப் பட்டியல்கள் எழுத்தில் வந்தன. பவேரியாவின் டேகர்ன்சே மடத்துச் சுவடி 1500ஐ ஒட்டியது. இங்கிலாந்தில் வின்கின் டி வோர்ட் 1496இல் அச்சிட்ட தூண்டில் நூலில் 12 ஈக்கள் சொல்லப்பட்டுள்ளன. ஜூலியானா பெர்னர்ஸ் என்ற துறவியின் நூல் என்பது மரபு. அதற்கு உறுதியான சான்று இல்லை. ஸ்பெயினில் 1624ஆம் ஆண்டு அஸ்தோர்கா சுவடி, லெயோன் பகுதிச் சேவல் இறகுகளைக் கொண்டு கட்டும் ஈக்களைப் பதிவு செய்கிறது. அங்கே குருவெனியோ பள்ளத்தாக்கில் பார்தோ, இந்தியோ என்ற இருவகைச் சேவல்கள் இன்றும் இறகுக்காகவே வளர்க்கப்படுகின்றன. சேவலைக் கொல்லாமல் ஆண்டுக்குச் சில முறை இறகு பறிப்பது அப்பகுதி வழக்கம்.

ஐசக் வால்டனின் புகழ்பெற்ற தூண்டில் நூல் 1653இல் வெளிவந்தது. அதன் 1676ஆம் ஆண்டுப் பதிப்பில், தெளிந்த நீரில் டிரவுட்டையும் கிரேலிங்கையும் ஈயால் பிடிக்கும் முறையை அவருடைய நண்பர் சார்லஸ் காட்டன் தனிப்பகுதியாக எழுதிச் சேர்த்தார். டவ் ஆற்றங்கரையில் வாழ்ந்த காட்டன், மாதவாரியாக ஈக்களை வகுத்து, ஒவ்வொன்றுக்கும் உரிய உரோமத்தையும் இறகையும் குறித்தார்.

மிதக்கும் ஈயும் மூழ்கும் ஈயும்

பூச்சியியலோடு இக்கலையை இணைத்தவர் ஆல்ஃபிரட் ரொனால்ட்ஸ். 1836இல் வந்த அவருடைய நூலில் உண்மைப் பூச்சியின் வண்ணப்படமும் அதன் போலியின் படமும் அடுத்தடுத்து இடம்பெற்றன. யார்க்ஷயர் முதலிய வட இங்கிலாந்துப் பகுதிகளின் விரைந்தோடும் ஆறுகளில் இவ்வளவு நுணுக்கம் பார்க்கவில்லை. அங்கே பட்டுநூலால் உடலைச் சுற்றி, கௌதாரியினத்தின் மெல்லிறகை முன்புறம் ஓரிரு சுற்றுச் சுற்றினால் ஈ முடிந்தது. அந்த இறகிழைகள் நீரோட்டத்தில் அசைவதே மீனை ஈர்த்தது. இம்மரபை டி.இ. பிரிட் 1885இல் நூலாக்கினார்.

தெற்கே டெஸ்ட், இட்சென் போன்ற சுண்ணாம்புப் பாறை ஆறுகளில் நீர் தெளிவாகவும் ஓட்டம் மெதுவாகவும் இருக்கும். மீன் மேலே வந்து பூச்சியைக் கவ்வுவது கண்ணுக்குத் தெரியும். இங்குதான் மிதக்கும் ஈ முழு வளர்ச்சி பெற்றது. 1870களின் இறுதியில் பரவத் தொடங்கிய காதுள்ள முள் இதற்கு வழிவிட்டது. அதற்குமுன் முள்ளோடு பட்டுப்புழு நரம்பையும் சேர்த்தே கட்டினர். ஈயை உலர்த்தக் காற்றில் பலமுறை வீசும்போது அந்த இணைப்பு நைந்துவிடும். காதுள்ள முள்ளில் நைந்த நரம்பை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஜார்ஜ் செல்வின் மாரியட்டின் துணையோடு ஃபிரெடெரிக் ஹால்ஃபோர்ட் 1886இல் வெளியிட்ட நூல், 90 மிதக்கும் ஈக்களைக் கட்டும் விதத்தை வகுத்தது. விறைப்பான சேவல் கழுத்திறகே ஈயை மிதக்க வைத்தது.

சுண்ணாம்பு ஆறுகளுக்கு மிதக்கும் ஈயே போதும் என்ற கருத்திலிருந்து வழக்கறிஞரான ஜி.இ.எம். ஸ்கூஸ் மாறுபட்டார். பிடித்த டிரவுட்டின் வயிற்றிலிருந்ததை நீள்கரண்டியால் எடுத்து நீரில் கரைத்துப் பார்த்தார். மீன் உண்டவற்றில் பெரும்பகுதி, மேலே வராத இளம்பூச்சிகள். 1910இல் வந்த நூலில் மூழ்கும் ஈக்கும் சுண்ணாம்பு ஆறுகளில் இடமுண்டு என்று வாதிட்டார். பின்னர் நிம்ஃப் என்னும் இளம்பருவ உருவங்களைக் கட்டினார். இது முறையா என்று 1938இல் லண்டன் ஃபிளைஃபிஷர்ஸ் கிளப்பில் விவாதமே நடந்தது.

வில்ட்ஷயரின் ஏவன் ஆற்றுக் காவலர் ஃபிராங்க் சாயர் நிம்ஃபை மேலும் எளிமையாக்கினார். அவருடைய ‘ஃபெசன்ட் டெயில்’ ஈக்கு நூலே வேண்டாம். மெல்லிய செப்புக்கம்பியை முள்ளில் சுற்றி, முன்பகுதியில் சற்றுப் புடைக்க விடவேண்டும். ஃபெசன்ட் சேவலின் வால் இறகிழைகள் நான்கை, நுனி வாலாக நீளும்படி பின்புறம் கட்டி, அதே கம்பியோடு முறுக்கி முன்நோக்கிச் சுற்ற வேண்டும். மீந்த இழைகளைப் புடைப்பின்மேல் முன்னும் பின்னுமாக மடித்துக் கட்டினால் முளைக்கப்போகும் சிறகின் உறை உருவாகிவிடும். கம்பியே கட்டும் கயிறு, கம்பியே எடை.

கிரேலிங்

வசந்தத்தில் முட்டையிடும் கிரேலிங், டிரவுட் பிடிக்கத் தடையுள்ள குளிர்மாதங்களிலும் பிடிபடும். இதன் வாய் கீழ்நோக்கியது. பெரும்பாலும் அடித்தளத்தில் மேயும். பூச்சியை அப்படியே ஒத்த ஈயைவிடப் பளிச்சென்ற நிறத்தை இது விரும்பும் என்பது பழைய அனுபவம். மயிலிறகு இழையில் உடலும் சிவப்புக் கம்பளியில் சிறுவாலும் கொண்ட ‘ரெட் டேக்’ இதற்குப் பெயர்போனது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் போலந்து, செக் போட்டியாளர்கள் அடித்தளத்தை உரசிச் செல்லும் கனமான நிம்ஃபுகளால் கிரேலிங் பிடிப்பையே மாற்றினர்.

பிற நாடுகள்

1890இல் ஹால்ஃபோர்ட் அனுப்பிய ஈக்களைப் பெற்ற தியடோர் கார்டன், அவை நியூயார்க் மாநிலத்துக் கேட்ஸ்கில் மலை ஆறுகளின் வேகத்துக்கும் அங்குள்ள பூச்சிகளுக்கும் பொருந்தாததைக் கண்டு தம் சொந்த வடிவங்களை உருவாக்கினார். சுவிட்சர்லாந்தின் ஜூரா பகுதியில் 1920களில் வாத்தின் எண்ணெய்ச் சுரப்பியைச் சூழ்ந்த பஞ்சிறகு பயன்பாட்டுக்கு வந்தது. காற்றைப் பிடித்து வைப்பதால் அது தானே மிதக்கும். ஜப்பானிய மலையோடைகளில் கயிறு சுற்றும் உருளையற்ற கோலோடு பயன்படும் கெபரி ஈ, தனித்து வளர்ந்த மரபு.

தென்னிந்தியத் தொடர்பு

இக்கலை பயன்படுத்திய இறகுகளுள் மேற்குத்தொடர்ச்சி மலையின் சாம்பல் காட்டுக்கோழிக்குத் தனி மதிப்பு உண்டு. சேவலின் கழுத்திறகு நுனியில் மெழுகு பூசியதுபோல் பளபளக்கும் மஞ்சள்வெண் புள்ளி உண்டு. சால்மன் ஈக்களில் கண்ணாகப் பயன்பட்ட இதை, பென்சில்வேனியாவின் வின்சென்ட் மரினாரோ டிரவுட்டுக்கான ‘ஜாசிட்’ ஈயில் தத்துப்பூச்சியின் முதுகாக வைத்தார். பின்னர் இந்தியா இவ்விறகின் ஏற்றுமதியைத் தடைசெய்தது. இப்போது பிரிட்டன் போன்ற நாடுகளில் பண்ணையில் வளர்க்கும் பறவைகளின் இறகும் செயற்கை மாற்றுகளும் விற்கப்படுகின்றன. டிரவுட் மீனும் தமிழ்நாட்டுக்கு வந்தது. ஃபிரான்சிஸ் டே 1860களில் நீலகிரியில் செய்த முயற்சிகள் தோற்றன. இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் எச்.சி. வில்சன் வானவில் டிரவுட்டை அங்கே நிலைபெறச் செய்தார். அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைந்தது.

இன்று

1970களிலிருந்து அமெரிக்கப் பண்ணைகள் ஈ கட்டுவதற்கென்றே நீண்ட கழுத்திறகுச் சேவல்களைத் தேர்ந்து பெருக்கின. டங்ஸ்டன் மணி, செயற்கை இழை, பிடித்த மீனை அதிகக் காயமின்றி விடுவிக்க உதவும், எதிர்முனை இல்லாத முள் ஆகியவை பரவலாகிவிட்டன. ஆயினும் கட்டும் முறையின் அடிப்படை மாறவில்லை: முள்ளை வைஸ் என்னும் பிடிகருவியில் இறுக்கி, நூலை அதன்மேல் ஓட்டி, பின்னிருந்து முன்னாகப் பொருளைச் சேர்த்து, காதருகே முடிச்சிட்டு முடிப்பது.