கம்பளி முதல் டூவே வரை

கோலார் தங்கவயலில் நந்திதுர்க் என்பது ஒரு சுரங்கத்தின் பெயர். அதைச் சுற்றி வளர்ந்த குடியிருப்புக்கும் அதுவே பெயராயிற்று. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,800 அடி உயரம். மார்கழி இரவுகளில் வெப்பநிலை 15 டிகிரிக்கும் கீழே இறங்குவதுண்டு. பூமிக்கடியில் நிலைமை நேர்மாறு. பக்கத்துச் சாம்பியன் ரீஃப் சுரங்கம் 10,000 அடிக்கும் கீழே சென்றது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டும். கீழே வெந்து மேலே நடுங்கிய ஊர் அது.

என் தகப்பனார் அங்கே சுரங்க அலுவலகத்தில் குமாஸ்தா. எங்கள் வீட்டில் கீழே ஜமக்காளம், மேலே கறுப்புக் கம்பளி. தக்காண ஆட்டு ரோமத்தில் குருபர்கள் நெய்தது, உடம்பெல்லாம் குத்தும். ஆனாலும் கம்பளி மடி என்பதால் பாட்டிக்கு அதுதான் உசத்தி.

1880 முதல் லண்டன் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனத்தார் தங்கவயல் சுரங்கங்களை நிர்வகித்தனர். அக்காலத்து ஆங்கிலேயர் வீட்டு வழக்கப்படி, மெத்தை விரிப்புக்கு மேல் ஒரு மெல்லிய துணி, அதற்கு மேல் இரண்டு மூன்று கம்பளி, ஓரமெல்லாம் மெத்தைக்கடியில் செருகல். வசதியுள்ளவர்கள் எல்லாவற்றுக்கும் மேலே ஈடர் என்ற வாத்தின் தூவி அடைத்த போர்வையைப் போடுவார்கள். தூவிப் போர்வை ஒன்றை மட்டும் போர்த்திக்கொண்டு தூங்குவது ஜெர்மனி, ஸ்காண்டிநேவிய நாடுகளின் பழக்கம். அதுதான் டூவே. அந்தப் பிரெஞ்சுச் சொல்லுக்கே மென்தூவி என்று பொருள்.

1956-இல் மைசூர் அரசு சுரங்கங்களை ஏற்றுக்கொண்டது. டெரன்ஸ் கான்ரன் 1964-இல் லண்டனில் ஹாபிடாட் கடையைத் திறந்து டூவே விற்கத் தொடங்கிய பிறகே அது பிரிட்டனில் பரவிற்று. ஆகவே நந்திதுர்க்கை ஆண்ட துரைமார்களில் பெரும்பாலோருக்கும் டூவே பழக்கப்பட்ட பொருள் அல்ல!

தூவி நமக்குப் புதிதல்ல. வாடைக் காலத்தைப் பாடும் நெடுநல்வாடையில் பாண்டிமாதேவியின் கட்டிலில் அன்னத்தின் தூவி பரப்பிய அணை வருகிறது. நம்மவர் தூவியைக் கீழே விரித்தார்கள். ஐரோப்பியர் மேலே போர்த்தினார்கள். வடநாட்டார் பஞ்சடைத்த ரஜாயைப் போர்த்தினார்கள். தத்துவம் ஒன்றே. எந்தப் போர்வையும் சூட்டை உண்டாக்குவதில்லை. இழைகளுக்கிடையே அசையாத காற்றைச் சிறைப்பிடித்து, நம் உடற்சூடு வெளியேறாமல் காக்கிறது. ரஜாய்ப் பஞ்சு நாளடைவில் அமுங்கிக் காற்றிடத்தை இழப்பதால்தான், வில்லும் கையுமாக வருகிற பஞ்சு கொட்டுபவரை அழைத்தார்கள். தூவியோ உதறினால் தானே உப்பிவிடும்; எடையும் குறைவு.

2001-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. தங்கவயல் பிள்ளைகள் பல தேசங்களுக்குப் போனார்கள். பெற்றோரும் பின்னால் போய் வருகிறோம். லண்டனில் முதல் இரவு, நானும் என் மனைவியும் டூவேயை மெத்தையின் ஒரு பகுதி என்று நினைத்து அதன் மேலேயே படுத்து, சால்வையைப் போர்த்திக்கொண்டு விடியும்வரை நடுங்கினோம். பிள்ளையிடம் கேட்கக் கூச்சம். விஞ்ஞானப் பட்டதாரிக்கு இது தேவைதான்!

போகவிருக்கும் அன்பர்களுக்காகச் சில குறிப்புகள்:

டூவேக்கு அடியில் படுக்க வேண்டும். ஓரங்களைச் செருக வேண்டாம். அமெரிக்காவில் இதையொத்த போர்வையைக் கம்ஃபர்ட்டர் என்பார்கள்; ஆஸ்திரேலியாவில் டூவேக்கு டூனா என்று பெயர்.

டூவேக்குத் தலையணை போலவே உறை உண்டு. உறையை மட்டும் அடிக்கடி துவைத்தால் போதும். மாட்டுவதற்கு உறையை உட்புறம் வெளியாகத் திருப்பி, உள்ளே கைவிட்டு அதன் மேல் இரு மூலைகளைப் பிடியுங்கள். அப்படியே டூவேயின் இரு மூலைகளையும் சேர்த்துப் பிடித்து உதறினால், உறை தானே இறங்கும்.

பிரிட்டனில் டூவேயின் வெப்பக்காப்பை 'டாக்' என்ற அளவால் குறிக்கிறார்கள். மான்செஸ்டர் ஷர்லி ஆய்வுக்கூடம் 1940-களில் வகுத்தது. கோடைக்கு 4.5 டாக் போதும், குளிர்காலத்துக்கு 13.5 வரை வேண்டியிருக்கும்.

பறவைத் தூவி வேண்டாம் என்போர் பாலியெஸ்டர் அல்லது பஞ்சு அடைத்ததைக் கேட்டு வாங்கலாம்.

பேரன் பேத்தியைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர்கள் மறக்கக் கூடாதது ஒன்று. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு டூவே போர்த்தக் கூடாது என்பது பிரிட்டன் தேசிய சுகாதாரச் சேவையின் அறிவுரை. முகம் மூடி மூச்சுத் திணறலாம். உடல் அளவுக்கு மீறிச் சூடாகலாம். "குளிருமே!" என்ற பாசத்தில் நம்மவர் செய்யக்கூடிய தவறு இது.

நந்திதுர்க் கம்பளி இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. இப்போதும் குத்துகிறது. எங்கே போனாலும், படுக்கையைப் பற்றித் தெரியாவிட்டால் கேட்டுவிடுங்கள். அதில் வெட்கம் என்ன?