புகைவண்டிப் பாலம் சாலையான வரலாறு

ஆஸ்திரேலியாவில், சிட்னி நகருக்கு மேற்கே, நீலமலைத் தொடரின் அடிவாரத்தில் ஓர் ஆழ்ந்த பள்ளத்தைக் கடந்து நிற்கிறது நாப்சாக் பாலம். ஜான் விட்டன் என்னும் பொறியியல் வல்லுநரின் திட்டப்படி 1860களில் மணற்கல்லால் கட்டப்பட்ட அதன் ஏழு வளைவுகளின் மீது, 1867 முதல் புகைவண்டிகள் மலையேறின. 1913-இல் இருப்புப் பாதை வேறு வழியே திருப்பப்பட்டது. பாலம் பயனற்று நின்றது.

அந்நாளில் மலைமீது சென்ற சாலையோ குறுகியது. வளைவும் ஏற்றமும் மிகுந்தது. மோட்டார் வண்டிகள் பெருகவே, 1926-இல் நெடுஞ்சாலையை இப்பாலத்தின் வழியே அமைத்தனர். புகைவண்டியின் பெரும்பாரத்தைத் தாங்கிய கற்களுக்கு மோட்டார் வண்டியின் பாரம் எம்மாத்திரம்? குறை வலிமையில் அன்று; அகலத்தில்தான் இருந்தது. ஒற்றை இருப்புப் பாதைக்கென அமைந்த தளத்தில் எதிரெதிரே வரும் வண்டிகள் ஒதுங்கிச் செல்வது எளிதன்று. ஆகவே 1930களின் இறுதியில், கல் தூண்களையும் வளைவுகளையும் அவ்வாறே நிறுத்தி, மேல்தளத்தை மட்டும் கான்கிரீட்டால் அகலப்படுத்தினர்.

1990களில் புதிய விரைவுச்சாலை வந்தபின், வண்டிகளின் சுமை நீங்கி, நடந்து செல்வோர்க்குரிய வழியாயிற்று அப்பாலம். பழையதை இடிக்கத் துணியுமுன் அதன் வலிமை எது, குறை எது என்று பிரித்தறிதல் வேண்டும். குறையை மட்டும் களைந்தால் வலிமை நமக்கே பயன்படும் அன்றோ?