முதிர்ந்த நாயின் மூட்டுவலி: மருந்துக்கும் மதிப்பீட்டுக்கும் இடையே ஒரு வரலாறு

முதிர்ந்த நாய்களின் மூட்டுவலிக்கான மருத்துவ வரலாற்றை ஆராய்வோர் முதலில் எதிர்கொள்ளும் புதிர், வலியைத் தணிக்கும் மருந்துகள் மனிதனின் கைக்கு எட்டிய காலத்துக்கும் அவை நாய்க்கு முறையாக அளிக்கப்பட்ட காலத்துக்கும் இடையே ஏறத்தாழ நூறாண்டு இடைவெளி இருப்பதாகும். இதற்கு வேதியியலின் போதாமை ஓரளவே காரணம். விந்தி நடக்கும் கிழநாயைக் கண்ட மருத்துவரும் வளர்த்தவரும் அதனை வலியின் அடையாளமாகக் கொள்ளாமல், 'வயதாகிவிட்டது' என்ற ஒரு சொல்லில் அடக்கிவிட்டதே பெருங்காரணம் எனலாம். நோயோ மிகப் பழையது. எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் வழுவழுப்பான குருத்தெலும்பு சிறிது சிறிதாகத் தேய்ந்து, மூட்டின் உட்படலம் அழற்சியுற்று, விளிம்புகளில் புதிய எலும்பு முளைகள் தோன்றும் நிலையே ஆஸ்டியோஆர்த்ரைட்டிஸ் எனப்படும் மூட்டுத் தேய்வு நோயாகும். இது எலும்பில் அழியாத தடத்தை விட்டுச் செல்வதால், மருத்துவ நூல்கள் பேசாத காலத்தைப் பற்றித் தொல்லியல் பேச முடிகிறது.

துனீசியாவில் உள்ள கார்த்தேஜின் யாஸ்மினா என்னும் உரோமானிய இடுகாட்டில், கி.பி. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சிறிய நாய் ஒன்றின் எலும்புக்கூடு அகழ்ந்தெடுக்கப்பட்டது. இன்றைய மால்டீஸ் இனத்தை ஒத்த அந்த நாய் இளவயதினர் ஒருவரின் காலடியில், தோளருகே ஒரு கண்ணாடிக் கலத்துடன் புதைக்கப்பட்டிருந்தது. அதன் இடுப்பு மூட்டு நழுவியிருந்தது. மூட்டுகளில் தேய்வு முற்றியிருந்தது. பற்கள் பலவும் உயிரோடிருந்தபோதே விழுந்திருந்தன. ஓடவோ கடித்து உண்ணவோ இயலாத உயிர் பல ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறதென்றால், யாரோ ஒருவர் அதற்கு மென்மையான உணவைக் கொடுத்து, தூக்கி இறக்கிப் பேணியிருக்க வேண்டும் என்பதே ஆய்வாளர் முடிவு. நாய் மருத்துவம் ஒரு துறையாகப் பிறப்பதற்கு முன்பே பராமரிப்பு இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேடுவது அரிது.

விலங்கு மருத்துவம் ஒரு கல்வித்துறையாக உருப்பெற்றபோது அதில் நாய்க்கு இடம் இல்லை. குதிரையேற்றப் பள்ளித் தலைவரான குளோத் பூர்ழெலா 1761இல் லியோன் நகரில் நிறுவிய பள்ளியும், 1791இல் லண்டனில் எழுந்த கல்லூரியும் குதிரையையும் மாட்டையும் மனத்திற்கொண்டே தோன்றின; சென்னையில் 1903இல் தொடங்கிய கல்லூரியின் நோக்கமும் பெரிதும் அதுவே. வீட்டு நாயைப் பார்ப்பவரையும் தமிழில் இன்றுவரை 'கால்நடை' மருத்துவர் என்றே அழைக்கிறோம் என்பதில் அந்தத் தொடக்கத்தின் எச்சம் தங்கியிருக்கிறது. இங்கிலாந்தில் டெலபேர் பிளேன், வில்லியம் யூவாட் ஆகிய இருவர் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நாய் நோய்களைத் தனித்து எழுதினர். அவர்கள் காலத்தில் மூட்டுவலிகள் யாவும் 'வாதம்' என்ற ஒரே பெயருக்குள் அடங்கின; வெந்நீர்க் குளியல், விளக்கெண்ணெய், சூடேற்றும் தைலப் பூச்சு ஆகியவையே சிகிச்சைகள். வேட்டை நாய்க் கூட்டங்களில் கண்ட நொண்டலுக்குக் கொட்டிலின் ஈரமே காரணம் எனக் கருதப்பட்டது. எவ்வாறாயினும் ஓட முடியாத வேட்டை நாய்க்கு முதுமை வாய்ப்பது அரிதாகவே இருந்தது; அது பெரும்பாலும் கொல்லப்பட்டது.

இதற்கிடையே மனித மருத்துவம் வேகமாக முன்னேறியது. வாதக் காய்ச்சலுக்கு வில்லோ மரப்பட்டையிலிருந்து எடுக்கப்படும் சாலிசினும், அதன் இனமான சாலிசிலேட்டுகளும் 1876இல் வெற்றியுடன் பயன்படுத்தப்பட்டன. 1899இல் ஆஸ்பிரின் சந்தைக்கு வந்தது. 1949இல் ஃபீனைல்பியூட்டசோன் தோன்றியது. இவை எவ்வாறு செயற்படுகின்றன என்பதை 1971இல்தான் ஜான் வேன் விளக்கினார். திசு காயமுறும்போது உடல் உண்டாக்கும் புராஸ்டகிளாண்டின் என்னும் பொருள்கள் வீக்கத்தையும் வலியையும் தூண்டுகின்றன. இம்மருந்துகள் அவற்றின் உற்பத்தியைத் தடுக்கின்றன. ஆனால் அதே பொருள்கள் இரைப்பையின் உட்சுவரையும் சிறுநீரக இரத்த ஓட்டத்தையும் காப்பவை என்பதால், வலியைத் தடுக்கும் மருந்தே வயிற்றுப் புண்ணையும் உண்டாக்கக்கூடும்.

மனித மருந்தை எடைக்கேற்பக் குறைத்து நாய்க்குக் கொடுத்துவிடலாம் என்ற எண்ணம் பிழையானது என்பதும் இக்காலத்தில்தான் புலனாயிற்று. ஃபீனைல்பியூட்டசோனின் இரத்த அளவு மனித உடலில் பாதியாகக் குறைய ஏறத்தாழ 3 நாள் ஆகும். நாயின் உடலிலோ சில மணி நேரம் போதும். மற்றொரு வலிநீக்கியான நாப்ராக்சன் இதற்கு நேர்மாறாக, மனிதரில் அரை நாளளவே நிலைத்து, நாயில் சுமார் 74 மணி நேரம் வரை நீடிக்கிறது. ஈரலில் இருந்து பித்தத்தோடு குடலுக்குச் சென்று மீண்டும் மீண்டும் உறிஞ்சப்படுவதே காரணம். வீட்டு மருந்துப் பெட்டியிலிருந்து இரக்கத்தோடு எடுத்துக் கொடுக்கப்பட்ட நாப்ராக்சனும் ஐபுப்ரோஃபெனும் எத்தனையோ நாய்களின் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுத்திருக்கின்றன.

மருந்து இருந்தும் கொடுக்கத் தயங்கியதற்கு இன்னொரு நம்பிக்கையும் துணைநின்றது. வலி இருந்தால்தான் விலங்கு அசையாமல் கிடந்து குணமடையும் என்ற கருத்து 1980கள் வரை கால்நடை மருத்துவரிடையே பரவலாக இருந்ததை மெய்யியலாளர் பெர்னார்ட் ரோலின் விரிவாகச் சாடியிருக்கிறார். விலங்கை மட்டும் இழிவாக எண்ணியதன் விளைவு இது என்று கொள்வதற்கில்லை. பச்சிளங் குழந்தைகளுக்கும் போதிய வலிநீக்கி இன்றி அறுவை செய்யப்பட்டு வந்ததையும், அதனால் விளையும் தீங்கையும் கன்வல்ஜீத் ஆனந்தும் அவருடைய சகாக்களும் 1987இல் வெளிப்படுத்திய ஆய்வுக்குப் பிறகே மருத்துவ உலகம் தன் வழக்கத்தை மாற்றிக்கொள்ளத் தொடங்கியது. சொல்ல வாயில்லாத நோயாளி எவராயினும் அவர் வலி கணக்கில் வரவில்லை.

அமெரிக்காவில் 1997இல் ரிமடில் என்ற பெயரில் ஃபைசர் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த கார்ப்ரோஃபென், இந்நிலையைப் பெரிதும் மாற்றியது. முதலில் மனிதருக்காக உருவாக்கப்பட்டு, அச்சந்தையிலிருந்து விலகிய பின் நாய்க்கு வந்து சேர்ந்த மருந்து இது. தொலைக்காட்சி விளம்பரங்களில் முதிய நாய்கள் மீண்டும் துள்ளின. படியேறத் தயங்குவது நோயாக இருக்கலாம் என்பதைப் பல வளர்ப்போர் அங்கேதான் முதன்முறை அறிந்தனர். வணிகம் கற்பித்த பாடம் என்பதற்காக அதனைத் தள்ளிவிட முடியாது. ஆயினும் 1998இல் வெளியான ஓர் ஆய்வு, இம்மருந்தால் ஈரல் பாதிக்கப்பட்ட 21 நாய்களை விவரித்தது. அவற்றுள் 13 லாப்ரடார் இனத்தவை. மருந்து தொடங்குமுன் இரத்தப் பரிசோதனை செய்யும் வழக்கம் வலுப்பெற இதுவும் ஒரு காரணம்.

அதே லாப்ரடார் இனத்தைக் கொண்டு நடந்த வேறோர் ஆய்வு, மருந்துகளின் புகழுக்கு இடையே உரிய கவனம் பெறவில்லை. 1987இல் தொடங்கிய அவ்வாய்வில் 48 நாய்கள் இணை இணையாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வோர் இணையிலும் ஒன்றுக்கு மற்றதைவிட 25 விழுக்காடு குறைவாக உணவு வாழ்நாள் முழுதும் அளிக்கப்பட்டது. குறைவாக உண்டவை இடைநிலைக் கணக்கில் 13 ஆண்டும், மற்றவை 11.2 ஆண்டும் வாழ்ந்தன என்று 2002இல் முடிவு வெளியாயிற்று. பாதி நாய்களுக்கு மூட்டு நோய்ச் சிகிச்சை தேவைப்பட்ட வயது, நிறைய உண்ட பிரிவில் 10.3; குறைவாக உண்ட பிரிவில் 13.3. மூன்று ஆண்டு வலியற்ற வாழ்வைத் தந்த எந்த மாத்திரையும் இன்றுவரை இல்லை.

 

வலியை அளப்பது தாமதமாகவே வந்தது. மனிதப் புற்றுநோயாளருக்கென அமைந்த வினாத்தாளைத் தழுவி, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் உருவான நாய் வலி வினாத்தாள் 2007இல் வெளியாயிற்று. எழுந்திருத்தல், நடத்தல், ஓடுதல், படியேறுதல் ஆகியவற்றில் கடந்த ஏழு நாளில் நாய்க்கு இருந்த இடர்ப்பாட்டைச் சுழியம் முதல் பத்து வரை உரிமையாளரே மதிப்பிட வேண்டும் என்பது அதன் முறை. இக்கருவிக்கும் வரம்பு உண்டு: வெற்று மாத்திரை உண்ட நாய்களின் நடையைத் தரை அழுத்தமானியில் அளந்து 2012இல் வெளியான ஆய்வில், முன்னேற்றமே இல்லாத இடத்தில் உரிமையாளரும் மருத்துவரும் முன்னேற்றத்தைக் கண்டனர்.

நரம்பு வளர்ச்சிக் காரணி என்னும் புரதம் வலி நரம்புகளைக் கூர்மையாக்குகிறது. அதனைப் பிடித்து முடக்கும் எதிர்ப்புரதங்கள் அண்மைக்கால மருந்துகளாகும். மனிதருக்கான டனெசுமாப், சிலரின் மூட்டுகளை விரைந்து சிதைத்ததால் 2021இல் கைவிடப்பட்டது. நாய்க்கான பெடின்வெட்மாப், லிப்ரேலா என்ற பெயரில் மாதம் ஒருமுறை போடும் ஊசியாக ஐரோப்பாவில் 2020இலும் அமெரிக்காவில் 2023இலும் ஒப்புதல் பெற்றது. 2024 டிசம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் கால்நடை மருத்துவர்களுக்கு ஒரு கடிதம் எழுதியது. தள்ளாட்டம், வலிப்பு, சிறுநீர்க் கட்டுப்பாடின்மை முதலியவை தனக்கு அறிவிக்கப்பட்டுள்ளன என்றும், இவற்றை நாய் வளர்ப்போரிடம் எடுத்துச் சொல்ல வேண்டும் என்றும் அதில் அது கேட்டுக்கொண்டது.