உறுப்புக் குறியெண்

மின்னணுக் கருவியின் சுற்றுப்படத்திலும் போர்டிலும் ஒவ்வோர் உறுப்புக்கும் இடப்படும் எழுத்தும் எண்ணும் சேர்ந்த அடையாளம். ரெசிஸ்டருக்கு ஆர், கெப்பாசிட்டருக்கு சி, டிரான்சிஸ்டருக்கு கியூ, ஐசிக்கு யு என்பது அமெரிக்க வழக்கம். 1975ஆம் ஆண்டின் ஐஇஇஇ 200 தரநிலை இதை வரையறுத்தது. ஐரோப்பியர் வேறு வழியில் போனார்கள். பழைய நோக்கியா போர்டுகளில் டிரான்சிஸ்டரும் டயோடும் ‘வி’, ஐசிகள் ‘என்’ அல்லது ‘டி’. மும்பை மெக்கானிக்குக்கு இரண்டும் அத்துப்படி.

டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் 1960இல் இயங்கத் தொடங்கிய டிஃப்ராக் கணினியில் சுமார் 2,700 வால்வுகள், 12,500 ரெசிஸ்டர்கள் இருந்தன. அத்தனைக்குள் கெட்டுப்போன ஒன்றைப் படமும் எண்ணும் இல்லாமல் தேடுவது ஆகாத காரியம். வீட்டு வானொலிக்கு அவ்வளவு தேவைப்படவில்லை: ஐந்தாறு வால்வு, பெட்டிக்குள் ஒட்டிய அமைவுப் படம், கைப்பழக்கம். 1972 அக்டோபர் 2 அன்று மும்பைக்குத் தொலைக்காட்சி வந்த பிறகு கைப்பழக்கம் மட்டும் போதவில்லை. லேமிங்டன் சாலையில் உதிரி வாங்கப் போகுமுன் சர்க்யூட் டயகிராமைப் பார்த்தாக வேண்டும்.

கைபேசியில் 0.4 மி.மீ. நீளக் கெப்பாசிட்டருக்குப் பக்கத்தில் எழுத்து அச்சிட இடம் ஏது? குறியெண் போர்டை விட்டுக் கணினித் திரைக்குக் குடிபெயர்ந்தது. ‘போர்டு வியூ’ மென்பொருளில் ஓர் உறுப்பைச் சொடுக்கினால் அதே லைனில் உள்ளவை அனைத்தும் ஒளிரும். இந்தப் படங்களைத் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் வெளியிடுவதில்லை. கசிந்தவைதான் கடைகளில் புழங்குகின்றன. பழுதுபார்க்கும் உரிமைக்காக மத்திய அரசு 2022 டிசம்பரில் தனித் தளம் தொடங்கியதற்கு இத்தகைய மனக்குறையும் ஒரு காரணம் எனலாம்.

தாராவியிலோ மாதுங்காவிலோ ‘டெட்’ என்று வரும் போனில் மெயின் லைன் ஷார்ட் ஆகியிருந்தால், போர்டில் ரோசின் புகையைப் படியவிட்டுக் குறைந்த வோல்ட்டேஜ் கொடுப்பார்கள். ஷார்ட்டான கெப்பாசிட்டர் சூடேறி, அதன் மேல் வெள்ளைப் படலம் முதலில் உருகும். திரையில் அந்த இடத்தைப் பார்த்தால் குறியெண் கிடைக்கும். இந்தச் சின்னக் கெப்பாசிட்டரின் உடம்பில் மதிப்பு எழுதியிருக்காது. அதனால் அதே மாடலின் பழைய போர்டைத் தேடி, அதே எண்ணுள்ள இடத்திலிருந்து ஒன்றைக் கழற்றிப் பொருத்துகிறார்கள். வேறு மாடலில் அதே எண் முற்றிலும் வேறு மதிப்புள்ள உறுப்பைக் குறிக்கக்கூடும்.